வகுப்பில் இல்லாத ஊதா ஒட்டகம்

ஆறாம் வகுப்பு ஏ பிரிவின் கணக்கு டீச்சருக்குப் பள்ளியில் இரண்டு பெயர். நேரில் 'மிஸ்', முதுகுக்குப் பின்னால் 'மீதி'. வகுத்தல் கணக்கு போட்டுவிட்டு எவனாவது பேனாவை மூடினால் போதும், எங்கே நின்றாலும் "மீதி எங்க?" என்று குரல் வந்துவிடும். மீதி ஒன்றுமில்லை என்றாலும் தப்பிக்க முடியாது. 'மீதி 0' என்று எழுதி, அதற்கடியில் அளவுகோல் வைத்துக் கோடு போட வேண்டும். அவளிடம் படித்த ஒருவன் இன்று மருந்துக்கடையில் நிற்கிறான். மாத்திரை அட்டையைக் கத்தரிக்கும்போதுகூட உதட்டுக்குள் 'மீதி நாலு' என்று முணுமுணுப்பதாகக் கேள்வி. பதினோரு வருட உழைப்பு சும்மா போகுமா?

அவள் கெட்டவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இனி வரப்போவதைப் படித்தால் யாருக்கும் அப்படித் தோன்றாது. காய்ச்சலில் வந்த பிள்ளையைத் தன் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் தான் நின்றுகொண்டே நாலு பாடவேளை எடுத்தவள். பரீட்சைத் தாளைத் திருத்தும்போது அரை மதிப்பெண்ணுக்காகப் பத்து நிமிடம் யோசிப்பவள். ஒரே ஒரு குறை. தன்னைவிட ஒருத்தி நன்றாகச் செய்கிறாள் என்றால் அவளுக்கு வயிற்றில் அடுப்பு பற்றிக்கொள்ளும். பெரியவர்கள் இதற்குப் பொறாமை என்று பெயர் வைப்பதில்லை. அக்கறை, அனுபவம், கண்டிப்பு என்று நல்ல நல்ல பெயர்களாக வைத்துக்கொள்வார்கள்.

அந்த ஒருத்தி வேறு யாருமில்லை, அவளுடைய ஓரகத்தி. கணவனின் தம்பி பெண்டாட்டி.

ஒரே வீடு. கீழே மாமியாரும் பெரியவளும், மாடியில் சின்னவள். சமையல் ஒன்று, துணி காயும் கொடி ஒன்று, ஸ்கூட்டரும் ஒன்று. சின்னவள் இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. வந்த புதிதில் சும்மா இருக்கிறாளே பாவம் என்று இரக்கப்பட்டு, அவளுடைய விண்ணப்பத்தைத் தன் கைப்பையில் வைத்து எடுத்துப்போய்த் தலைமையாசிரியை மேசையில் வைத்தவளே பெரியவள்தான். வேலியில் போன ஓணானை யாரும் எடுத்து மடியில் விடவில்லை, தானே எடுத்து விட்டுக்கொண்டாள். சின்னவளுக்கு பி பிரிவு கிடைத்தது. அடுத்தடுத்த அறை, நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவர் சிரிப்பைத் தடுக்கிற சுவர் இல்லை.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. தாய் தன் பிள்ளைக்குத் தானே பாடம் எடுக்கக் கூடாது என்பது அந்தப் பள்ளியின் விதி. அதனால் பெரியவளின் மகள் பி பிரிவில் இருந்தாள். அதாவது சித்தியின் வகுப்பில். சுவருக்கு அந்தப் பக்கம் சிரிக்கிற இருபது பேரில் எந்தச் சிரிப்பு தன் பிள்ளையுடையது என்று பெரியவளுக்குத் தெரியும். வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு மாதக்கணக்காகிறது என்றும் தெரியும்.

இப்படிப் புகைந்துகொண்டிருந்த இடத்தில்தான் அந்த இணையக் கருவி வந்து எண்ணெய் ஊற்றியது.

சின்னவள் எங்கோ தேடிக் கண்டுபிடித்தது. டீச்சர் கேள்விகளை அதில் ஏற்றிவிட்டால் அதுவே விளையாட்டாக மாற்றிக் கொடுக்கும். விடையை இழுத்துக்கொண்டுபோய்க் கூடையில் போடலாம், ஜோடி சேர்க்கலாம், சக்கரத்தைச் சுற்றலாம். பிள்ளைகள் ஆளுக்கொரு டேப்லட்டில் வகுப்பின் எண்ணைத் தட்டி உள்ளே போவார்கள். சொந்தப் பெயர் கிடையாது. கருவியே ஒரு நிறத்தையும் ஒரு மிருகத்தையும் சேர்த்து ஒரு பெயர் கொடுக்கும். பச்சைக் கரடி, மஞ்சள் முதலை என்று ஒட்டிக்கொண்டால் பருவம் முடியும்வரை அதுதான். சரியான விடைக்கு 'டிங்'. தவறென்றால் ஒரு பலூன் மெல்லக் காற்று இறங்கி, "பரவாயில்லை, அடுத்ததில் பார்க்கலாம்" என்று சொல்லும். பெரியவளுக்கு அந்தப் பலூனைக் கண்டாலே ஆகவில்லை. தப்பு செய்தவனிடம் பரவாயில்லை என்று சொல்கிற பலூன் எந்த ஊர் நியாயம்?

சின்னவள் வகுப்பில் ஒரு சத்தியம் வாங்கியிருந்தாள். யார் எந்த மிருகம் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. அவளும் கேட்க மாட்டாள். விடை தெரியாத பிள்ளை வெட்கப்படாமல் தப்பு செய்ய வேண்டுமாம்.

தலைமையாசிரியை படிவம் இல்லாமல் மூச்சுகூட விடாதவர். பத்துக் கேள்விகள், கேள்விக்கு ஐந்து மதிப்பெண் என்று ஒரு மதிப்பீட்டுப் படிவம் தயாரித்தார். இரண்டு வார வெள்ளோட்டம். கருவி தேறினால் வாரத்தில் மூன்று பாடவேளை ஏ, பி இரண்டு பிரிவையும் கூடத்தில் ஒன்றாக உட்கார வைத்து, சின்னவள் இந்தக் கருவியை வைத்தே பாடம் எடுப்பாள். தேறாவிட்டால் பழையபடி. படிவத்தைப் பெரியவளிடம் நீட்டி, "பள்ளியிலேயே கண்டிப்பான கை உங்களுதுதான். நீங்களே மதிப்பிடுங்க" என்றார். பூனையைக் கூப்பிட்டுப் பாலுக்குக் காவல் போட்டாயிற்று.

தன் இருபது பிள்ளைகளும் வாரத்துக்கு மூன்று தடவை அவளிடம் போய் உட்காருவார்கள். மகள் ஏற்கெனவே அங்கேதான். பெரியவள் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தபோது முடிவும் அதோடு மடிந்து உள்ளே போய்விட்டது. கருவி தேறக் கூடாது.

முதல் நாள் பி பிரிவின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கடைசி பெஞ்சின் அருமை அங்கே வருடக்கணக்காக உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். எல்லார் முதுகும் தெரியும், நம் முகம் யாருக்கும் தெரியாது. மகள் முன்னால் இரண்டாவது வரிசையில் இருந்தாள். சித்தி ஒரு கேள்வி கேட்டதும் ஒரு கை போதாமல் இரண்டு கைகளையும் தூக்கினாள். வீட்டில் ஒரு தட்டை எடுத்து வைக்கச் சொன்னால் ஒரு கைகூட எழும்பாது. பெரியவள் படிவத்தில் எழுதினாள்: 'சத்தம் அதிகம். நிறங்கள் கண்ணைக் கூசுகின்றன.' ஐந்துக்கு இரண்டு.

கரும்பலகையின் மூலையில் வகுப்பின் நான்கு இலக்க எண், 'அழிக்காதே' என்ற குறிப்போடு இருந்தது. தினமும் அதே எண்தான்.

இரண்டாவது நாள் மூன்றாம் பாடவேளை. தினமும் அந்த நேரம் ஏ பிரிவு விளையாட்டு மைதானத்தில், பி பிரிவு சின்னவளின் கணக்குப் பாடத்தில். ஆசிரியர் அறையில் அவளைத் தவிர ஒரு மின்விசிறி மட்டும். வெளியாள் உள்ளே நுழைய முடியுமா என்று பார்ப்பதும் மதிப்பீடுதானே என்று கைபேசியில் அந்த எண்ணைத் தட்டினாள். இது நியாயமான சோதனை, நான்காவது கேள்வியே பாதுகாப்பு பற்றியதுதான். கதவு திறந்தது. திரையில் பொன்னாடை போர்த்தாத குறையாக வரவேற்பு: 'நீதான் ஊதா ஒட்டகம்!'

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தி, படிவத்தில் 'யாரும் நுழையலாம்' என்று எழுதி, கருவியின் காலை நேர்மையாகவே வாரியிருக்கலாம். ஆனால் முதல் கேள்வி வந்துவிட்டது. இருபத்தொன்பதை நாலால் வகுக்க வேண்டும். விரல் சும்மா இருக்குமா? மீதி இல்லாத வெறும் ஏழைத் தொட்டது. பலூன் காற்று இறங்கியது. திரையின் ஓரத்தில் வகுப்பின் சராசரி என்று ஒரு பச்சைக் கட்டை நின்றுகொண்டிருந்தது. அது லேசாக, முழங்கால் வலிக்காரன் உட்காருவதுபோல, ஒரு படி இறங்கியது.

அதைப் பார்த்தாள். பிறகு இன்னொரு தப்பு.

படிவத்தின் ஏழாவது கேள்வி, இரண்டு வாரம் முடிவில் சராசரி எழுபதாவது வர வேண்டும் என்றது. இருபது பிள்ளைகளின் சராசரி எழுபத்திரண்டு. முட்டை வாங்குகிற இருபத்தோராவது ஆளைச் சேர்த்தால் அறுபத்தெட்டரை. கணக்கு டீச்சருக்கு இதைப் போடத் தாளும் பேனாவும் தேவைப்படவில்லை.

அதன் பிறகு தினமும் மூன்றாம் பாடவேளையில் ஊதா ஒட்டகம் தவறாமல் வகுப்புக்கு வந்தது. தப்பு செய்வதிலும் அவளுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. பிள்ளைகள் தப்பு செய்தால் கண்ட இடத்தில் கை வைப்பார்கள். இவள் அப்படி இல்லை. ஒவ்வொரு கேள்வியிலும் மீதி மட்டும் விடுபட்ட விடையைத் தேடிப் பிடித்துத் தொட்டாள். பதினோரு வருடம் சிவப்பு மையில் அடித்த அதே தப்பு. வேறு தப்பு செய்ய அவளுக்குத் தெரியவில்லை.

வகுப்பின் பெரிய திரையில் விடைகளோடு இருபத்தோரு பெயர் ஓடுவதைச் சின்னவள் கவனிக்கவில்லை. எண்ணுவது பெரியவளின் வழக்கம், சின்னவளுடையது அல்ல. அவள் கவனித்தது வேறு.

நான்காம் நாள் சாயங்காலம் மாடியில் இரண்டு பேரும் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? திட்டக் கூடாது."

"திட்டுற மாதிரி கேக்காத."

"மீதியை நீங்க எப்படிக்கா சொல்லித் தருவீங்க? எங்கிட்ட ஒரு புள்ள இருக்கு. வகுக்கிறதெல்லாம் கரெக்ட்டா வகுக்குது. கடைசியில மீதியை மட்டும் அம்போன்னு விட்டுட்டுப் போயிடுது. நேத்தும் அப்படித்தான், இன்னிக்கும் அப்படித்தான்."

"யாரு அது?"

"தெரியாதுக்கா. ஊதா ஒட்டகம்."

பெரியவள் ஒரு போர்வையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து மடித்தாள். போர்வை மட்டும் இல்லையென்றால் அன்றே கதை முடிந்திருக்கும். மந்தமான பிள்ளையாக இருக்கும், விடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் மீதி என்ற சொல் காதில் விழுந்த பிறகு அவளால் சும்மா இருக்க முடியாது. அது ஒரு வியாதி. கொடியிலிருந்த கிளிப்புகளைக் கழற்றிச் சின்னவள் கையில் கொட்டினாள். இருபத்து மூன்று கிளிப், ஒரு சட்டைக்கு நாலு, எத்தனை சட்டை மாட்டலாம்? கையில் மிஞ்சி நிற்கிற மூன்றைக் கீழே போடச் சொல்லாதே, உள்ளங்கையில் இறுக்கிப் பிடிக்கச் சொல், குத்தும், அப்போதுதான் அது இருப்பது தெரியும் என்றாள். சின்னவள் உள்ளங்கையை மூடிப் பார்த்தாள். கண்ணை அகல விரித்து, "இது எனக்கு எந்தப் புத்தகத்துலயும் கிடைக்கலக்கா" என்றாள்.

நாலு நொடி பெரியவளுக்கு உச்சி குளிர்ந்தது. ஐந்தாவது நொடியில், யாருக்கு எதைத் தூக்கிக் கொடுத்திருக்கிறோம் என்று உறைத்தது.

மறுநாள் ஆசிரியர் அறையில் கைபேசியைத் திறந்தால் திரை முழுக்கத் துணிக்கொடி. கிளிப்புகளை இழுத்துச் சட்டையில் மாட்ட வேண்டும், மிஞ்சியது ஒரு சின்னக் கைக்குள் போய் விழும். கை மூடிக்கொள்ளும். அவளுடைய வித்தைதான். ஆனால் இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. ஒற்றைப் பிள்ளைக்காக அந்தச் சின்னவள் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து கிளிப் வரைந்திருக்கிறாள். அதுவும் யாரென்றே தெரியாத பிள்ளைக்காக. கடைசியில் ஒரு வரி வந்தது: 'ஊதா ஒட்டகமே, நாளைக்கும் கட்டாயம் வரணும்.'

நம்புவதற்குக் கஷ்டம்தான், ஆனால் அந்த நிமிடம் பெரியவளுக்கு ஒட்டகத்தின் மேலேயே பொறாமை வந்தது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து பதின்மூன்று வருடம். தப்பு செய்தாலும் பரவாயில்லை, நாளைக்கும் வா என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. மாமியார் சொல்லவில்லை, தலைமையாசிரியை சொல்லவில்லை. அவளும் யாரிடமும் சொன்னதில்லைதான், அது வேறு கணக்கு. முட்டை வாங்குகிற ஒரு ஊதாப் பிராணிக்கு இத்தனை சீராட்டலா?

சரியான விடையைத் தொட்டால் பெயர் சின்னவளுக்குத்தான் போகும். தப்பைத் தொட்டாள். சராசரி இறங்கியது.

வீட்டில் மாமியாருக்கும் ஒட்டகம் செல்லமாகிவிட்டது. சாப்பிட உட்காரும்போதே, "அந்த ஒட்டகம் இன்னிக்காவது தேறுச்சா?" என்று சின்னவளிடம் விசாரிப்பார். பெரியவளின் ஏ பிரிவு போன வருடம் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தபோது அதே மாமியார், "அப்படியா, தண்ணி மோட்டாரைப் போட்டியா?" என்றுதான் கேட்டார்.

ஏழாம் நாள் மகள் பள்ளியிலிருந்து வந்ததும் பையைக் கழற்றாமலே கட்டிலில் உட்கார்ந்தாள். கைகால் கழுவினாயா, சாப்பிட்டாயா என்று கேட்கக் கேட்கப் பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். கடைசியில் துண்டு துண்டாக வந்தது. ஒட்டகத்துக்கு மீதி மட்டும்தான் வரவில்லை என்பதை வகுப்பு கண்டுபிடித்துவிட்டது. மீதி என்றாலே அந்தப் பள்ளியில் ஒரே ஆள்தான். பிறகென்ன, பிள்ளைகள் புத்தி எப்படி ஓடும் என்று சொல்லவா வேண்டும்? 'மீதி டீச்சர் வீட்லயே மீதி இல்ல' என்று ஒருவன் ஆரம்பித்தான். மத்தியானத்துக்குள் அது பாட்டாகிவிட்டது. யாரும் யாரையும் கேட்கக் கூடாது என்றுதானே சத்தியம்? கேட்கவில்லை, பாடினார்கள்.

"நான் இல்லன்னு சொன்னா, அப்போ நீ எந்த மிருகம்னு சொல்லுங்கறாங்க. சொன்னா சத்தியம் உடைஞ்சிடும்" என்றாள். பிறகு பைக்குள்ளிருந்து ஒரு காகித உறையை எடுத்துப் போட்டாள். உள்ளே கையால் எழுதிய பதினான்கு கணக்குகள், எல்லாம் கிளிப் கணக்கு. பள்ளி விடும்போது யாரும் பார்க்காத நேரத்தில் சித்தி அவள் பைக்குள் வைத்துவிட்டுப் போனதாம்.

"சித்தியும் நான்தான்னு நினைக்கிறாங்கம்மா. இனிமே எனக்கு சித்தி வேணாம். நீயே சொல்லிக்குடு."

பெரியவளுக்குச் சுருக்கென்றது உண்மை. ஆனால் 'சித்தி வேணாம்' என்ற இரண்டு சொல் அந்தச் சுருக்கின் மேல் சர்க்கரை தூவிவிட்டது. எத்தனை மாதம் காத்திருந்த சொல்! நான்தான் ஒட்டகம் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த நிமிடத்தை அவள் செலவழிக்கவில்லை. நகர்ந்து மகளுக்கு இடம் கொடுத்து நோட்டை விரித்தாள்.

இரண்டு சாயங்காலம் அவளுக்குச் சொர்க்கம். தோளோடு தோள் ஒட்டி மகள் உட்கார்ந்திருந்தாள். மாடிப்படியில் சின்னவள் இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். அந்தக் காலடி ஓசைகூடப் பெரியவளுக்கு இனித்தது.

ஒன்று மட்டும் இடறியது. மகளுக்கு மீதி நன்றாகத் தெரியும். மூன்றாம் வகுப்பிலேயே தெரியும். அம்மா கொடுத்த ஐந்து கணக்கையும் சரியாகப் போட்டாள். ஆனால் போட்டுவிட்டு, "சரியாம்மா?" என்று கேட்டாள். சரி என்றால், "நிஜமாவா?" என்றாள். பிறகு தானே ரப்பரை எடுத்துச் சரியான விடையை அழித்துவிட்டு யோசித்தாள். முன்பெல்லாம் கணக்கு முடிந்ததும் நோட்டை டப்பென்று மூடிவிட்டு ஓடுகிற பிள்ளை அது. இப்போது ஒரு பக்கத்தில் ஆறு இடத்தில் ரப்பர் தேய்த்த தடம்.

ஒன்பதாம் நாள் மூன்றாம் பாடவேளையில் காலியான தன் வகுப்பறையில் உட்கார்ந்து, இன்று சரியாகத் தொட்டு இந்த ஒட்டகத்தைக் கரையேற்றிவிட வேண்டும் என்றுதான் கைபேசியை எடுத்தாள். மிச்சமிருக்கிற இரண்டு நாளும் ஒழுங்காக விடை சொன்னால் பாட்டு தானாக ஓய்ந்துவிடும். ஆனால் பச்சைக் கட்டை எழுபதில் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சிரிப்பு வேறு வந்தது. விரல் தப்பையே தொட்டது. பழகிய விரல்.

பத்தாம் நாள் கடைசி மதிப்பீடு. தலைமையாசிரியையும் பெரியவளும் பி பிரிவின் கடைசி பெஞ்சில் படிவத்தோடு உட்கார்ந்தார்கள். அன்றைக்கு இரண்டு பிள்ளைகள் வரவில்லை, ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருத்தி அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். பெயர்கள் திரையில் வரிசையாக வந்து நின்றன. சின்னவள் மேலிருந்து கீழே பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். முகம் வாடியது.

"ஒட்டகம் இன்னிக்கு லீவு" என்றான் ஒருவன். அப்படியென்றால் காய்ச்சல்காரன்தான் ஒட்டகம் என்றாள் இன்னொருத்தி. மகளின் முதுகு சற்றே நிமிர்ந்தது. பெரியவள் மூச்சை விட்டாள். தானாகவே தீர்ந்தது, கடவுள் இருக்கிறார் என்று நினைத்தாள். அந்த நினைப்பு முடிவதற்குள் ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"காய்ச்சலும் இல்ல, கத்தரிக்காயும் இல்ல. பின்னாடி அவங்க அம்மா உக்காந்திருக்காங்க. பயந்துபோய் இன்னிக்கு வேற பேர்ல வந்திருப்பா."

சின்னவள் அதட்டினாள். வகுப்பு அடங்கியது. முதல் கேள்வி திரையில் வந்தது. நாற்பத்தேழை ஆறால் வகு. பதினேழு தலைகள் குனிந்தன. மகளின் தலை குனியவில்லை. விரலைத் திரைக்கு மேல் பிடித்தபடி இருந்தாள். தொடப் போவதும், பின்னுக்கு இழுப்பதும், மறுபடியும் தொடப் போவதுமாக இருந்தது அந்த விரல். ஏழு, மீதி ஐந்து. இது அந்தப் பிள்ளைக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். பெரியவளுக்கு அந்த முதுகு மட்டும்தான் தெரிந்தது. அழுகிற முதுகுக்கும் யோசிக்கிற முதுகுக்கும் உள்ள வித்தியாசம் பதினோரு வருடம் பாடம் நடத்தியவளுக்குத் தெரியாதா?

கைப்பையைத் திறந்து கைபேசியை எடுத்தாள். ஒலியை முழுசாக ஏற்றினாள். எண்ணைத் தட்டினாள்.

'ஊதா ஒட்டகம் வந்துவிட்டது!' என்று திரை குதித்தது. சின்னவளின் முகத்தில் விளக்கு எரிந்தது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவள் 'ஏழு, மீதி ஐந்து' என்பதைத் தொட்டாள்.

டிங்.

கடைசி பெஞ்சிலிருந்து வந்தது. பதினெட்டுத் தலைகளும் திரும்பின. தலைமையாசிரியை பக்கத்திலிருந்த கைபேசியைப் பார்த்தார், பிறகு கைபேசி பிடித்திருந்தவளைப் பார்த்தார்.

"நான்தான் ஒட்டகம்" என்றாள் பெரியவள். எழுந்து நின்றுதான் சொன்னாள். தப்பு செய்தவன் எழுந்து நிற்க வேண்டும் என்பது அவளுடைய சட்டம்தானே. "எட்டு நாளா. வேணும்னேதான் தப்பு போட்டேன். வேற யாரும் இல்ல."

யாரோ களுக்கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள். மகள் சிரிக்கவில்லை. அம்மாவை நேராகப் பார்த்தாள், பிறகு திரும்பித் தன் விடையைத் தொட்டாள். டிங். சின்னவள் ஒரு நிமிடம் கரும்பலகையைப் பார்த்தபடி நின்றாள். திரும்பும்போது குரல் மட்டும் சாதாரணமாக இருந்தது. "அடுத்த கேள்வி" என்றாள். பாடம் நடந்தது.

வகுப்பு முடிந்ததும் தலைமையாசிரியை படிவத்தை மேசையில் போட்டு, நீங்களே பூர்த்தி செய்யுங்கள் என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. பெரியவள் எழுதினாள். ஏழாவது கேள்விக்கு எதிரே ஒட்டகத்தைக் கழித்துவிட்டு எழுபத்திரண்டு என்று போட்டாள். 'கண்ணைக் கூசுகின்றன' என்பதை அடித்துவிட்டு ஐந்துக்கு நாலு தந்தாள். ஐந்து தர இன்னும் மனம் வரவில்லை. பாதுகாப்புக்கு ஐந்துக்கு ஒன்று. காரணம் என்ற இடத்தில், 'எண் தினமும் மாற வேண்டும். இல்லையென்றால் என்னைப் போன்றவர்கள் உள்ளே வந்துவிடுவார்கள்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். கருவி தேறியது. மூன்று பாடவேளை கையை விட்டுப் போயிற்று.

அன்று சின்னவள் ஸ்கூட்டரில் ஏறவில்லை, பஸ்ஸில் வந்தாள். மொட்டை மாடியில் கொடிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. நடுவில் ஈரத்துணி.

"அந்தப் பதினாலு கணக்கை நான் எவ்வளவு யோசிச்சு எழுதினேன் தெரியுமாக்கா?" என்றாள் சின்னவள். "நம்ம புள்ளயா இருக்குமோன்னு நினைச்சப்ப எனக்குச் சோறு இறங்கல. உங்ககிட்ட சொன்னா நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

இதற்கு மன்னிப்பு என்ற ஒரு சொல் போதும். ஆனால் பெரியவளின் வாய் இருக்கிறதே, அது கடைசிவரை கணக்கு டீச்சரின் வாய்.

"இருபது பேருக்கு இருபத்தோரு பேர் வந்துச்சே, நீ எண்ணிப் பாத்திருக்க வேணாமா?"

சின்னவள் துணிக்கு மேலாக அவளை வெறித்தாள். பிறகு வாளியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனாள். தடாலென்று கதவு சாத்திக்கொண்டது.

பெரியவள் அங்கேயே நின்றாள். சின்னவள் காயப்போடாமல் விட்டுப் போன துணி இன்னும் பாதி கிடந்தது. ஒவ்வொன்றாகப் பிழிந்து உதறிப் போட்டாள். எல்லாம் முடிந்த பிறகு மாடி அறைக் கதவுக்கு முன்னால் போய், கதவைப் பார்த்துச் சொன்னாள். "என்னால தாங்க முடியலடி. அவ உனக்கு ரெண்டு கையைத் தூக்குறா." வாசலில் கிடந்த செருப்பை ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, "தப்புதான்" என்று சேர்த்துக்கொண்டாள். கீழே இறங்கினாள்.

மகள் அம்மாவிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள். "அவங்க பாடினப்ப நான் அழுதேன், நீ பாத்துக்கிட்டே நோட்டை விரிச்ச." அதன் பிறகு வாய் பூட்டு. மாமியார் நடுவில் உட்கார்ந்து தண்ணீர்ச் சொம்பை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தார். வீடு அமைதியானதில் அவருக்குத்தான் ஆனந்தம்.

இரண்டு பிரிவும் கூடத்தில் ஒன்றாக உட்கார்ந்த முதல் நாள் பெரியவளும் போனாள். நாற்பது பேர், இருபது டேப்லட். ஒரு டேப்லட்டுக்கு இரண்டு பேர். எவன் பிடுங்குகிறான், எவள் விடாமல் வைத்திருக்கிறாள் என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று சின்னவளே தலைமையாசிரியையிடம் கேட்டாளாம். ஆள் யார் என்றதற்கு, "எண்ணத் தெரிஞ்ச ஆள்" என்றாளாம். இது மன்னிப்பா, குத்தலா என்று பெரியவளுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அவளுடைய ஏ பிரிவுப் பிள்ளைகள் டிங் டிங் என்று சிரித்தார்கள். அவள் வரிசைகளுக்கு நடுவே கையைக் கட்டிக்கொண்டு நடந்தாள். வயிற்றில் அந்த அடுப்பு அணையவில்லை. கொஞ்சம் சின்னதாக எரிந்தது, அவ்வளவுதான்.

மகள் மறுபடியும் பேச ஆரம்பித்தாள். சித்தியிடம் மூன்றாம் நாள். அம்மாவிடம் ஐந்தாம் நாள், அதுவும் "என் சாக்ஸ் எங்க?" என்று. பெரியவள் சாக்ஸைத் தேடிக் கொடுத்தாள், குனிந்து தானே மாட்டியும் விட்டாள், பதினோரு வயதுப் பிள்ளைக்கு. மகள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று மாமியார் சொன்னார்.

சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பும்போது, பின்னால் சின்னவள் ஏறி உட்காரும்போது, பெரியவளின் மனசு தினமும் அந்த ஒரே கணக்கைப் போட்டது. அவளுக்கு மூணு நாள். எனக்கு அஞ்சு.

"பிடிச்சுக்கிட்டியா?" என்று பின்னால் பார்க்காமலே கேட்டாள்.

"ம். போலாம்க்கா" என்றாள் சின்னவள்.